கேட்டறிந்த நிறங்கள்



சிறு நகரம் ஒன்றின் பேருந்து நிலையத்துக்கு எதிரே நாம் நிழற்பட ஸ்டுடியோ ஒன்றைத் தொடங்கியது 1984ஆம் ஆண்டில். அன்று முதல் எத்தனையோ குடும்பங்களின் திருமணங்களையும், ஞானஸ்நானங்களையும், புதுநன்மை விழாக்களையும், இறுதிச் சடங்குகளையும் படமெடுத்துக் கொடுத்திருக்கிறோம். இன்று நம் ஊரில் பல வீடுகளின் சுவர்களில் தொங்கும் படங்கள் நம் கையால் நிறம் திருத்தப்பட்டவை. ஆனால், அந்தப் படங்களை நாள்தோறும் பார்த்து வாழ்கிறவர்களுக்கு நெடுங்காலம் தெரியாமலிருந்த செய்தி ஒன்று உண்டு. அவற்றைத் திருத்திய கண்களுக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபடுத்தத் தெரியாது என்பதே அது.

முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல இது என்ன தொழில் என்று நீங்கள் கேட்கக்கூடும். நாமும் நம்மைப் பலமுறை அவ்வாறு கேட்டுக்கொண்டதுண்டு. இந்தக் குறையை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தோம். மறைத்ததால் ஒரு தாயின் மனத்தைப் புண்படுத்தினோம். அந்தத் தாயிடமிருந்தே நாம் கற்றுக்கொண்ட பாடத்தை, இதே குறையோடு வாழும் பிள்ளைகளைப் பெற்றிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தில் இங்கு எழுதுகிறோம்.

கோவில்பிள்ளையின் கோபம்

நமக்குப் பத்து வயதிருக்கும். கோவிலில் பூசைக்கு உதவி செய்யும் சிறுவர்களுள் நாமும் ஒருவர். வேதசாட்சி ஒருவரின் திருநாளன்று கோவில்பிள்ளை நம்மை அழைத்து, அலமாரியிலிருந்து சிவப்புப் பூசை உடுப்பை எடுத்து வரும்படி சொன்னார். நாமும் ஓடிச்சென்று மடிப்புக் கலையாமல் இரு கைகளிலும் ஏந்திவந்தோம். வந்த வேகத்தில் காதைத் திருகினார். நாம் ஏந்தி வந்தது பச்சை உடுப்பு. "பூசை நேரத்தில் விளையாட்டா?" என்றார். விளையாட்டு இல்லை என்று எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. நம்பாததில் அவர் பிழையும் இல்லை. இரவும் பகலும் போல வேறுபட்டவை என்று எல்லோரும் கருதும் இரண்டு நிறங்களை ஒரு சிறுவன் மாற்றி எடுத்தால் வேறு என்ன நினைப்பது?

அன்று முதல் நாம் தந்திரம் பயின்றோம். சிவப்பு உடுப்பின் கழுத்தோரத்தில் இருந்த சரிகைப் பூ வேறு. பச்சை உடுப்பில் இருந்தது வேறு. அந்தப் பூக்களை மனத்தில் வைத்துக்கொண்டோம். பிறகு ஒருமுறைகூடத் தவறியதில்லை. தவக்காலத்து ஊதா உடுப்பு நம் கண்ணுக்கு நீலமாகத்தான் தெரிந்தது. மற்றவர்கள் அதை ஊதா என்று சொன்னதால் நாமும் ஊதா என்று சொன்னோம். இப்படி நிறங்களின் பெயர்களைப் பார்த்து அறியாமல் கேட்டு அறிகிற பழக்கம் நம்மிடம் சிறுவயதிலேயே வேரூன்றிவிட்டது.

குறையின் பெயர் தெரியவந்தது 1976இல். ஓர் அரசுப் பணிக்கான மருத்துவச் சோதனையில், பல நிறப் புள்ளிகள் நிறைந்த வட்டங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். முன்னே நின்றவர்கள் தயங்காமல் சொல்லிச் சென்ற இடத்தில், நமக்குச் சில வட்டங்களில் வேறு எண் தெரிந்தது. சிலவற்றில் எண்ணே தெரியவில்லை. ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை அது என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தோம். வேலை கிடைக்கவில்லை. வீட்டில் காரணத்தைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. "ஆள் எடுத்து முடிந்துவிட்டது" என்று தந்தையாரிடம் பொய் சொன்னோம். மறைப்பின் வரலாறு அங்கே தொடங்கியது.

தாய்வழி வந்த சொத்து

இந்தக் குறை எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சற்றே விளக்குவது நலம். நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு வடிவ உயிரணுக்கள் மூன்று வகையாக அமைந்துள்ளன. ஒளியின் நீண்ட அலைகளுக்கும், நடுத்தர அலைகளுக்கும், குறுகிய அலைகளுக்கும் ஒவ்வொரு வகை சிறப்பாக இசைந்து இயங்குகிறது. இம்மூன்றும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டே மூளை நிறத்தை உணர்கிறது. முதல் இரு வகைகளுள் ஒன்று இல்லாமற்போனாலோ, மாறுபட்டு அமைந்தாலோ சிவப்பு, பச்சை ஆகியவற்றின் வேற்றுமை மங்கிவிடுகிறது. பார்வையின் கூர்மைக்கு இதனால் ஊறு எதுவும் இல்லை. எனவேதான் குறையுடையவர் பலர் அதை அறியாமலேயே வளர்ந்துவிடுகின்றனர்.

இது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. இதற்குக் காரணமான மரபுக்கூறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அக்குரோமோசோம் ஒன்றே. அதுவும் தாயிடமிருந்து வருவது. பெண்ணுக்கு இரண்டு உண்டாகையால், ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே இக்குறை ஆண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இது உண்டு. பெண்களிலோ இருநூறு பேருக்கு ஒருவர் அளவே.

நமக்கு இது தாய்மாமன் வழியாகத் துலங்கிற்று. மாமா மிளகாய்த் தோட்டம் வைத்திருந்தார். பழுத்த பழத்தைப் பறிக்க அவர் மட்டும் செடியருகே குனிந்து, ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தடவிப் பறிப்பார். ஊரார் அதைச் சோம்பல் என்று பழித்தனர். பச்சை இலைகளுக்கிடையே சிவந்த பழம் அவர் கண்ணுக்குத் துலக்கமாகத் தெரியவில்லை என்பதை அவரும் சொன்னதில்லை, எவரும் கேட்டதும் இல்லை.

இக்குறையை அறிவியல் முறையில் முதன்முதலாக ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவரே இதற்கு ஆட்பட்டவர்தாம் என்பது வியப்புக்குரியது. அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன், இளஞ்சிவப்பு நிற ஜெரேனியப் பூ ஒன்று பகலில் தம் கண்ணுக்கு வானநீலமாகவும், மெழுகுவர்த்தி ஒளியில் சிவப்பாகவும் தெரிவதைக் கண்டார். 1794இல் மான்செஸ்டர் நகரின் அறிஞர் கழகத்தில் இதுபற்றிக் கட்டுரை படித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீலமாக இருக்க வேண்டும் என்று கருதி, தாம் இறந்தபின் கண்ணைச் சோதிக்கும்படியும் சொல்லிவைத்தார். 1844இல் அவர் மறைந்ததும் சோதித்தார்கள். நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அக்கண்ணின் மரபணுவை 1995இல் ஆராய்ந்தபோதுதான், நடுத்தர அலைக்குரிய நிறமி அவருக்கு இல்லை என்பது தெரியவந்தது. தம் ஊகம் தவறாகப் போனாலும், தம் குறையை அவையேறி உலகறியச் சொன்ன அம்மனிதரின் துணிவு நமக்கு அப்போது இருந்ததில்லை.

கறுப்பு வெள்ளையின் நிழலில்

வேலை கிடைக்காத அந்நாளில் உறவினர் ஒருவர் நம்மை ஒரு ஸ்டுடியோவில் கையாளாகச் சேர்த்துவிட்டார். அங்கே எல்லாம் கறுப்பு வெள்ளை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே உள்ள சாம்பல் படிகளை நாம் பிறரைப்போலவே நன்கு கண்டோம். கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் டச்சிங் செய்வதில் கைதேர்ந்தவர் என்று பெயரும் எடுத்தோம். பாரீசு நகரத்தை அழகுறச் செதுக்கிய சார்ல் மெரியோன் என்னும் பிரெஞ்சுக் கலைஞரும் நிறம் அறியாதவராகையால்தான் வண்ண ஓவியத்தை விட்டுச் செப்புத்தகட்டுச் சித்திரத்துக்கு வந்தார் என்று பிற்காலத்தில் படித்தபோது, நமக்குத் துணை கிடைத்தாற்போல் இருந்தது.

பிறகு கலர் வந்தது. ஆயினும் கவலையில்லை. படச்சுருளைப் பெருநகரத்துக் கலர் லேபுக்கு அனுப்பிவிடுவோம். நிறம் அவர்கள் பொறுப்பு. நம் பொறுப்பு வெளிச்சமும் முகமும் மட்டுமே. 2004இல் டிஜிட்டல் காமிராவும் கணினியும் நம் கடைக்கு வந்தபோதுதான் நிறம் நம் தலைமேல் வந்து விழுந்தது.

அதற்கும் ஒரு தந்திரம் கண்டோம். மதிய உணவு கொண்டுவரும் சாக்கில் துணைவியார் கடைக்கு வருவார். சோற்றைப் பரிமாறியபடியே கணினித் திரையை ஒரு பார்வை பார்ப்பார். "மூன்றாவது படம் பச்சையடிக்கிறது" என்று காதோடு சொல்வார். பையன்கள் அறியாதபடி நாம் மாற்றிவிடுவோம். ஐந்து ஆண்டுகள் இவ்வாறே நடந்தன. நம் கடையில் நிறத்துக்குப் பெயர் இருந்ததென்றால், அது அந்தச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்த பெயர்.

அந்தத் தாய்

2009ஆம் ஆண்டு. மூத்த மகளின் பேறுகாலத்துக்காகத் துணைவியார் வெளியூர் சென்றிருந்தார். அந்த வாரத்தில் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் வந்தார். கைப்பையிலிருந்து ஒரு துணியைப் பிரித்து, அதனுள்ளிருந்த கலர்ப் படம் ஒன்றை எடுத்து வைத்தார். 1980களில் எடுத்தது. இறந்துபோன மகனின் படம். அவனுக்கென்று இருக்கும் ஒரே படம். அக்காலத்துக் கலர்ப் படங்கள் பலவற்றில் சிவப்பை மட்டுப்படுத்தும் நீலப்பச்சைச் சாயம் நாளடைவில் வெளுத்துவிடும். அதனால் படம் முழுதும் செம்மை படர்ந்துவிடும். அதுதான் இதற்கும் நேர்ந்திருந்தது. பெரிதாக்கி, நிறத்தைச் சரிசெய்து, ஆண்டு நினைவு நாளுக்குள் வேண்டும் என்று கேட்டார்.

துணைவியார் வரும்வரை பொறுத்திருக்கலாம். பையனிடமாவது காட்டியிருக்கலாம். ஆனால், முதலாளி தன் கையாளிடம் நிறம் கேட்பதா என்னும் செருக்கு தடுத்தது. தனியே அமர்ந்தோம். செம்மையைக் குறைத்தோம், இன்னும் குறைத்தோம். நம் கண்ணுக்கு முகம் அழகாகத் தெரிந்தது. அச்சிட்டுச் சட்டமும் போட்டோம்.

குறித்த நாளில் அம்மையார் வந்தார். படத்தைக் கையில் வாங்கினார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கோபமின்றி, மெல்லிய குரலில் சொன்னார்: "தம்பி, இது அவன் கடைசி நாளில் படுத்திருந்த முகம். எனக்கு அவன் நல்லாயிருந்த நாளின் முகம் வேண்டும்."

பின்னால் நின்ற பையன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான். முகம் முழுவதும் பச்சை பாய்ந்திருந்ததாம். மகனை நோயில் பறிகொடுத்த தாயிடம் அந்த நோயின் நிறத்தையே சட்டமிட்டுக் கொடுத்திருந்தோம்.

எத்தனையோ சாக்குகள் நாவின் நுனிவரை வந்தன. இயந்திரக் கோளாறு என்று சொல்லலாம். மை தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். அந்த முகத்தின் முன்னே பொய் எழவில்லை. "அம்மா, எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. உங்களிடம் சொல்லாமல் செய்தது என் தவறு" என்றோம். இருபத்தைந்து ஆண்டுகளில் வாடிக்கையாளர் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல்முறை.

அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். வைவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ பக்கத்திலிருந்த நாற்காலியைக் கணினியருகே இழுத்துப் போட்டு அமர்ந்தார். "அதுக்கென்ன தம்பி. எனக்குக் கண் நல்லாத்தான் இருக்கு. நீங்க மாற்றுங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்றார்.

நாம் சிறிது சிறிதாக நகர்த்தினோம். அவர் "இன்னும்... இன்னும் கொஞ்சம்..." என்றார். ஓரிடத்தில் "நிறுத்துங்க" என்றார். குரல் தழுதழுத்தது. நமக்கோ முதற்படத்துக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை தெரியவில்லை. ஆனால், திரையைப் பார்க்க வேண்டிய தேவை அன்று நமக்கு இல்லை. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

எண்கள் தந்த கைத்தடி

நிற்க. அன்றிலிருந்து நம் தொழில்முறையை அடியோடு மாற்றிக்கொண்டோம். கண்ணை நம்பாமல் நிறம் திருத்துவது எப்படி என்பதைப் புத்தகங்கள் வாயிலாகவும் பட்டறிவு வாயிலாகவும் பயின்றோம்.

கணினியில் உள்ள படம் கோடிக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. சுட்டியைப் புள்ளியின்மேல் வைத்தால் எண்கள் திரையோரத்தில் தெரியும். சாம்பல் நிறப் பொருளென்றால் மூன்று எண்களும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். பச்சை எண் மட்டும் மேலோங்கி நின்றால் படம் பச்சையடிக்கிறது என்று பொருள். இதை அறியக் கண் வேண்டியதில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். ஆகவே ஒவ்வொரு திருமணத்திலும், இடமோ விளக்கோ மாறும் ஒவ்வொரு முறையும், ஒரு சாம்பல் அட்டையை யாரேனும் ஒருவர் கையில் கொடுத்து முதற்படம் எடுத்துக்கொள்கிறோம்.

அட்டை மறந்துபோன நாளில் வெள்ளை வேட்டியும், குருவானவரின் வெள்ளை அங்கியும் உதவும். ஆனால், அதிலும் எச்சரிக்கை தேவை. நீலம் போட்டு வெளுத்த வெள்ளையில் நீல எண் சற்றே கூடுதலாக இருக்கும். அதை நம்பித் திருத்தினால் படம் மஞ்சளாகிவிடும். நல்லவேளையாக, நீலமும் மஞ்சளும் நம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

இதனால் ஒரு நுட்பம் விளங்கிற்று. வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்ய மென்பொருளில் இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்று நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே நகர்வது. மற்றது பச்சைக்கும் வாடாமல்லி நிறத்துக்கும் இடையே நகர்வது. முதற்பட்டையை நாம் கண்ணாலேயே நகர்த்தலாம். இரண்டாவதில் நாம் முழுக்குருடு. திருமண மண்டபங்களின் குழல்விளக்குகள் படத்தில் பச்சையைப் பாய்ச்சுவது அந்த இரண்டாம் பட்டையின் பக்கத்தில்தான்! எங்கே நம் பார்வை நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்று இவ்வளவு தெளிவாக அறிந்துகொண்டதே பெரிய விடுதலையாயிற்று. அந்த ஒரு பட்டையை மட்டும் எண்களிடம் ஒப்படைத்துவிட்டோம்.

முகத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மாநிறமோ கறுப்போ சிவப்போ, இயல்பான வெளிச்சத்தில் எடுத்த மனித முகத்தில் சிவப்பு எண் மேலே, பச்சை நடுவே, நீலம் கீழே என்றுதான் அமையும். சான்றாக, ஒரு கன்னத்தில் 200, 150, 120 என்று கண்டால் மனம் அமைதி அடைகிறது. பச்சை ஏறிச் சிவப்பை எட்டிப்பிடித்தால், அந்தத் தாயின் மகன் முகம் நினைவுக்கு வருகிறது. கை தானாக நின்றுவிடுகிறது.

எண்ணும் போதாது

ஒருநாள் மாலை, ஒரு படத்தில் பச்சை சற்றே கூடியிருப்பதாக எண்கள் சொல்லின. நல்ல கண்ணுடைய பையனோ சரியாக இருக்கிறது என்று சாதித்தான். மறுநாள் காலை கடை திறந்ததும் அவனே பார்த்து, "ஆமாம் ஐயா, பச்சைதான்" என்றான். காரணம் எளிது. ஒரே சாயலுள்ள படத்தை நெடுநேரம் பார்த்தால் எவர் கண்ணும் அதற்குப் பழகிவிடும். மஞ்சள் விளக்கின் கீழே வெள்ளைச் சட்டை நமக்கெல்லாம் வெள்ளையாகவே தோன்றுவதும் இதனால்தான். கண்ணுடையவர்களும் ஏமாறுவதுண்டு என்று அறிந்தபோது நமக்குச் சற்றே கர்வம் தலைதூக்கியது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்தக் கர்வத்துக்கும் விரைவில் அடி விழுந்தது. பாஸ்கா இரவுத் திருவழிபாட்டில் சிறுவர் சிறுமியர் கையில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற படங்களைத் திருத்தினோம். எண்களோ நீலம் மிகக் குறைவு, சிவப்பு மிக அதிகம் என்று கூக்குரலிட்டன. சாம்பலைச் சாம்பலாக்கி, வெள்ளையை வெள்ளையாக்கி, ஒழுங்காகத் திருத்திக் கொடுத்தோம். பங்கு இளைஞர் ஒருவர் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி ஐயா, மெழுகுவர்த்தி வெளிச்சம் எங்கே போயிற்று?" என்றார். நள்ளிரவின் பொன்னொளியை நண்பகல் ஆக்கியிருந்தோம். எண் அளவைச் சொல்லும். அந்த இரவில் அங்கே நின்றவர்களுக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு நின்றவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆகையால் இரண்டையும் சேர்த்துக்கொண்டோம். முதலில் எண், பிறகு மனிதர். கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "நன்றாயிருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்கு "நன்றாயிருக்கிறது" என்பார்கள். ஒரே படத்தை இரண்டு வகையாகத் திருத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இவற்றுள் எது அதிகப் பச்சை?" என்று கேட்டால் உண்மை வரும்.

புடவைகளுக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். திருமண வீட்டில் பெண்களிடமே கேட்டு எழுதிக்கொள்வோம். மணப்பெண்ணின் புடவை அரக்கு, கரை இலைப்பச்சை. தாயார் கட்டியிருப்பது கத்தரிப்பூ நிறம். அத்தை மயில்கழுத்து, சித்தி மாம்பழ மஞ்சள், மாப்பிள்ளையின் தமக்கை வாடாமல்லி. தொடக்கத்தில் கூச்சமாக இருந்தது. இப்போதோ நாம் ஏட்டைப் பிரித்ததும் பெண்கள் தாமாகவே சூழ்ந்துகொண்டு, "அரக்கில்லை, பாக்கு நிறம்" என்று தமக்குள் வழக்காடத் தொடங்கிவிடுகிறார்கள். நல்ல கண்ணுடையவர்களுக்குள்ளும் நிறத்தைப் பற்றி இத்தனை வழக்கு உண்டு என்பது நமக்கு அதன்பிறகே தெரிந்தது.

துணைவியாரின் கேள்வி

படத்திருத்த மென்பொருள்கள் சிலவற்றில், நிறக்குறை உடையவர் கண்ணுக்குப் படம் எவ்வாறு தோன்றும் என்று காட்டும் வசதி இருக்கிறது. அதை ஒருநாள் துணைவியாருக்குக் காட்ட விரும்பினோம். நம் திருமணப் படத்தையே திரையில் ஏற்றினோம். பொத்தானை அழுத்தியதும் அவர் திடுக்கிட்டதைக் கண்டோம். நமக்கோ படத்தில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

சிறிது நேரம் கழித்து, "அன்று நான் கட்டியிருந்த சிவப்புப் புடவை உங்களுக்கு இத்தனை நாளும் இந்தச் சேற்று நிறமாகத்தான் தெரிந்ததா?" என்று கேட்டார்.

"சேற்று நிறம் என்று நீ சொல்லித்தான் தெரிகிறது. எனக்கு அதுதான் சிவப்பு" என்றோம்.

அவர் சிரித்தார், கண்ணும் கலங்கிற்று. இருபதாண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், ஒருவர் கண்ணில் உலகம் எப்படித் தெரிகிறது என்பதை மற்றவர் அறிய இவ்வளவு காலம் பிடித்தது.

பேரனின் வண்ணக்குச்சிகள்

இக்குறையை நீக்கும் மருந்து வழக்கத்தில் இல்லை. குரங்குகளுக்கு மரபணு ஊட்டி, அவை அறியாதிருந்த நிறத்தை அறியச் செய்ததாக 2009இல் ஆய்வுச்செய்தி வந்தது. மனிதருக்கு அது இன்னும் மருத்துவமாக வந்துசேரவில்லை. விலையுயர்ந்த நிறக்கண்ணாடிகள் சிலருக்குச் சில நிறங்களைச் சற்றே பிரித்துக் காட்டலாம். இயல்பான பார்வையைத் தருவதில்லை. ஆயினும் உலகம் சிறிது சிறிதாக இடம் கொடுத்து வருகிறது. லேசான, நடுத்தர அளவிலான நிறக்குறை உடையவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்று நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு விதி திருத்தப்பட்டது. சாலை விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்னும் ஒழுங்கு நம் போன்றவர்களுக்கு நல்வழிகாட்டி.

மருந்தைவிட முன்னதாக வேண்டியது, வீட்டாரும் ஆசிரியரும் அறிந்திருப்பது. குறையுள்ள தந்தையின் மகள்கள் அனைவரும் அம்மரபுக்கூற்றைச் சுமப்பவர்களே. அவர்களுக்குப் பிறக்கும் ஆண்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் குறை வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இளைய மகளின் மகன் ஏழு வயதுச் சிறுவன். அண்மையில் பள்ளியில் மரம் வரைந்து, இலைகளுக்கெல்லாம் பழுப்பு தீட்டியிருக்கிறான். "கவனக்குறைவு" என்று எழுதிப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு அனுப்பியிருந்தார்கள். மகள் அதைக் கொண்டுவந்து நம்முன் வைத்து, "இவனுக்கும் வந்துவிட்டதே அப்பா" என்று அழுதாள். நமக்குக் கோவில்பிள்ளையின் கை காதில் பட்டாற்போல் இருந்தது.

ஆயினும் இம்முறை மறைக்க எவரும் முயலவில்லை. கண் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்தபின், மகள் ஆசிரியரைச் சந்தித்து விவரம் சொன்னாள். அவரும் வருந்தி, இனிப் பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதுவதில்லை என்று அன்போடு சொல்லியனுப்பினார். அன்று மாலை பேரனோடு நாம் தரையில் அமர்ந்து, அவனுடைய வண்ணக்குச்சிகள் ஒவ்வொன்றிலும் சிறு காகிதம் சுற்றி நிறத்தின் பெயரை எழுதி ஒட்டத் தொடங்கினோம். அவன் ஒரு குச்சியை எடுத்து நீட்டி, "தாத்தா, இது என்ன நிறம்?" என்று கேட்டான்.

முன்னாளாயிருந்தால் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருப்போம்.

"தாத்தாவுக்கும் தெரியாது ராசா. வா, பாட்டியைக் கேட்போம்" என்றோம்.